டம்ப்ளிங் கடையில் என் தம்பி

என் தம்பிக்கு ஐம்பத்தொரு வயது. லிஃப்ட் மெக்கானிக். முப்பது வருடமாக அடுத்தவர்களை ஏற்றி இறக்கும் பெட்டிகளைப் பழுது பார்க்கிறான். தான் மட்டும் ஒரு நாற்காலியில் சேர்ந்தாற்போல் ஐந்து நிமிடம் உட்கார மாட்டான். சாப்பிடும்போது கால் ஆடும். அதட்டினால் கால் நிற்கும், விரல் மேசையைத் தட்டும். பேசு என்றால்தான் எல்லாம் அடங்கிப்போகும். துரை வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும்.

ஒன்பது வருடத்துக்கு முன் அவன் மனைவி காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். ஒரு மாதம் துணைக்கு இருந்துவிட்டு வரலாமென்று ஒரே ஒரு பெட்டியோடு வந்தவள் நான். எனக்கென்று குடும்பம் கிடையாது. மாதம் வருடமானது, தபால் ஆபீஸ் வேலையை ராஜினாமா செய்தேன், என் வீட்டில் வேறு யாரோ குடியேறினார்கள். தம்பிக்குச் சோறு நான், சட்டை நான், பேச்சும் நான். பல் டாக்டர் அவனைப் பார்த்து எங்கே வலிக்கிறது என்று கேட்டபோது, இடது பக்கம் கடைசிப் பல் என்று சொன்னது நான்தான். சரியாகத்தான் சொன்னேன்.

இப்படி இருக்கையில் ஆஸ்பத்திரி லிஃப்ட் ஒருநாள் இரண்டு மாடிக்கு நடுவே நின்றுபோனது. உள்ளே எக்ஸ்ரே எடுக்கும் பெண்மணி ஒருத்தி. சரிசெய்யப் போன இவன், மேலே இடுக்கில் குனிந்து அவளிடம் அரைமணி நேரம் பேசிக்கொண்டே இருந்தானாம். என் தம்பியா, பேசினானா என்று நான் இரண்டு தரம் கேட்டேன். அதற்கப்புறம் ஆறு மாதமாக அந்த ஆஸ்பத்திரி லிஃப்டுக்கு வாரம் ஒரு கோளாறு வந்தது. யாருக்குக் காது குத்துகிறான்?

போன வாரம் விஷயம் வெளியே வந்தது. அவளுக்கு வேறு ஊர் ஆஸ்பத்திரியில் பெரிய வேலை கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை பதில் சொல்லியாக வேண்டும். அவளும் தனிக்கட்டை. சனிக்கிழமை மதியம் சீனக் கொழுக்கட்டை விற்கும் டம்ப்ளிங் கடையில் சாப்பிடலாம், அங்கே நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று இவனிடம் சொல்லியிருக்கிறாள். இரு என்றால் இருப்பாள், இல்லையென்றால் போய்விடுவாள். அந்த ஒரு வார்த்தையை இவன் எங்கே சொல்லப் போகிறான்? நானும் வருகிறேன் என்றேன். அவன் விரல் மேசையைத் தட்டியது. சரி என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

கடையில் ஆறே மேசை. சமையலறை மாடியில். சுவரில் ஒரு சதுரப் பொந்து. அதற்குள் சாப்பாட்டை இறக்க ஒரு குட்டி லிஃப்ட். கடைக்கார அம்மா பொத்தானை அமுக்கினால் மூங்கில் கூடைகள் ஆவியோடு இறங்கி வரும். இத்தனை கடை இருக்க, லிஃப்ட் உள்ள கடையா கிடைத்தது இவர்களுக்கு?

எக்ஸ்ரேக்காரி முன்னாலேயே வந்திருந்தாள். நரைக்கு மை பூசாத தலை. பேச்சு வெட்டு ஒன்று துண்டு இரண்டு. வேண்டியதற்கு டிக் போடும்படி சீட்டையும் பென்சிலையும் இவன் முன் வைத்தாள். நான் வாங்கிப் போட்டேன். கோழி வைத்த டம்ப்ளிங், காளான் வைத்த பன், அவனுக்குக் காரம் ஆகாது என்று ஒரு குறிப்பு. காரம் ஆகாதா என்று அவள் அவனைக் கேட்டாள். சின்ன வயதிலிருந்தே ஆகாது என்றேன் நான்.

முதல் கூடை வந்தது. உள்ளே சூப் உள்ள டம்ப்ளிங். ஓரத்தில் சின்னதாகக் கடித்து, சூப்பை உறிஞ்சிவிட்டு அப்புறம் தின்னவேண்டும் என்று அவள் சொல்லிக்கொடுத்தாள். இவன் காது இங்கே இருந்தால்தானே. பொந்தையே பார்த்துக்கொண்டு முழுசாக வாயில் போட்டுக் கண்ணில் நீர் முட்ட விழுங்கினான். இரண்டாவது கூடை இறங்கும்போது உள்ளே கறகறவென்று ஒரு சத்தம். அவ்வளவுதான், எழுந்துவிட்டான்.

பெட்டியைத் தூக்கும் கம்பியில் இழை பிரிந்திருக்கிறது, நிறுத்துங்கள் என்றான். மதிய நேரத்தில் எப்படி நிறுத்துவது என்று கடைக்கார அம்மா சண்டைக்கு வந்தாள். இவன் பொந்துக்குக் குறுக்கே கையை வைத்துக்கொண்டு நகரவே இல்லை. கடைசியில் மாடிக்கு ஓடிப்போய், கம்பியைப் பார்த்து, மின்சாரத்தை அணைத்துவிட்டு, ஆறு மேசைக்கும் கூடைகளைப் படிவழியே தானே சுமந்து இறக்கிக்கொண்டிருந்தான். என் மானம் கப்பலேறியது. ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்று சும்மாவா சொன்னார்கள்? நான் இந்தப் பக்கம் நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தேன். அவன் நல்லவன், குடிக்கமாட்டான், குறட்டை விடுவான் ஆனால் மெதுவாகத்தான் விடுவான் என்று என்னென்னவோ. அவள் கேட்டுக்கொண்டே பன்னைப் பிய்த்துத் தின்றாள். கோபமே இல்லை அவளுக்கு. அதில்தான் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

கையெல்லாம் கிரீஸோடு அவன் வந்து உட்கார்ந்ததும் அவள் நேரே கேட்டாள்.

"திங்கக்கிழமை நான் பதில் சொல்லணும். போகட்டுமா, இருக்கட்டுமா?"

அவன் தொண்டையைச் செருமினான். அந்த ஒரு நொடி பொறுத்திருக்கலாம் நான். முந்திரிக்கொட்டைக்குப் பொறுமை ஏது?

"இரும்மா, போகாத. உன்ன விட்டா அவனுக்கு யாரு இருக்கா?"

என் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு எனக்கே திக்கென்றது. நல்ல பதில்தான். மனசாரத்தான் சொன்னேன். அவள் பன்னைத் தட்டில் வைத்தாள்.

"நான் அவரத்தான் கேட்டேன்க்கா."

தம்பி அவளைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தான். என்ன சொல்லட்டும் என்று கேட்கும் பார்வை. ஒன்பது வருடமாகத் தினமும் அப்படித்தான் பார்க்கிறான், எனக்கு அது உறைத்ததே இல்லை. இப்போது அவள் அதைப் பார்த்தாள். அவள் பார்த்ததை நான் பார்த்தேன். எழுந்து வெளியே போய்விட்டேன்.

தெருவில் நிற்க முடியவில்லை. பக்கத்து சாவிக்கடை வரை போனேன், வந்தேன், மறுபடி போனேன். கண்ணாடியில் ஆவி படிந்து உள்ளே இரண்டு தலைகள் மட்டும் தெரிந்தன. யார் பேசுகிறார்கள் என்று தெரியவில்லை. உள்ளே போய் ஒரே ஒரு வார்த்தை எடுத்துக்கொடுத்துவிட்டு வந்தால் என்ன என்று கதவுவரை போனேன். கைப்பிடியைத் தொட்டேன். எப்படியோ திரும்பிவிட்டேன்.

ரொம்ப நேரம் கழித்து அவன் வந்தான்.

"போகச் சொல்லிட்டேன்க்கா."

எனக்கு வந்ததே கோபம். மடையா, கையில் வந்ததை விட்டுவிட்டாயே, நான்தான் இரு என்று சொல்லிவிட்டேனே, அதைத் திருப்பிச் சொல்லவாவது தெரியாதா என்று வாய்க்கு வந்தபடி ஏசினேன். சாவிக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். நான் முடிக்கும்வரை அவன் நின்றான்.

"நல்ல வேலைக்கா அது, அவங்க ஏன் விடணும். நானும் கூடப் போறேன். அந்த ஊர்லயும் லிஃப்ட் இருக்கும்ல."

இரு, போ என்ற இரண்டைத்தான் நான் யோசித்திருந்தேன். மூன்றாவதாக ஒன்று இருப்பது எனக்குத் தோன்றவே இல்லை, இவனுக்குத் தோன்றியிருக்கிறது. சந்தோஷமாகத்தான் இருந்தது. வயிற்றுக்குள் ஏதோ அறுந்தது போலவும் இருந்தது.

"நீ என்னக்கா பண்ணப் போற?"

"உள்ள போய் சாப்பிடுடா. ஆறிடும்" என்றேன்.

"நான் அதக் கேக்கலக்கா."

அவன் போகவில்லை. பதிலுக்குக் காத்துக்கொண்டு என் எதிரே அப்படியே நின்றான்.

"தெரியலடா" என்றேன். அவன் பிறந்ததிலிருந்து அவனிடம் நான் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை.