பண்டிதரின் வெள்ளிக்கிழமைக் கோர்ட்டு

ஞானசிகாமணி தமிழ்ப் பண்டிதராவதற்கு முன்பு திருநெல்வேலியில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தவர். அந்தப் புத்தி கடைசிவரை அவரை விட்டுப் போகவில்லை. பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் பள்ளியில் காப்பியம் நடத்த வந்தவர், பதவுரை பொழிப்புரையோடு நிறுத்தியிருக்கலாம். மனுஷன் நிறுத்தினால்தானே! வெள்ளிக்கிழமை பிற்பகல் வகுப்பைக் கோர்ட்டாக்கிவிடுவார். குடிமகனை விசாரிக்காமல் தண்டித்த பழங்கதை அரசன் ஒருவன் கூண்டில் நிற்பான். பையன்களே வக்கீல்கள், பையன்களே சாட்சிகள், ஒருவன் நீதிபதி.

அந்தக் கோர்ட்டுக்கு ஒரே விதி. கூண்டில் நிற்பவன் எவ்வளவு பெரிய பாவியானாலும், தீர்ப்புக்கு முன் "நீர் சொல்ல வேண்டியது ஏதும் உண்டா?" என்று கேட்டாக வேண்டும். மறந்தால் வழக்கே செல்லாது. மறு வெள்ளிக்கிழமை முதலிலிருந்து தொடங்க வேண்டும். அரசனைத் தண்டிக்கும் அவசரத்தில் பையன்கள் அடிக்கடி மறந்தார்கள். வழக்கைத் தள்ளுவதில் பண்டிதருக்கு அலாதி குஷி.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்தெட்டு மார்ச்சில் சுதேசித் தலைவர்கள் கைதானதை எதிர்த்து ஆற்றுக்கு அந்தப் பக்கம் திருநெல்வேலியில் கலகம் வெடித்தது. கட்டடங்கள் எரிந்தன, துப்பாக்கிச் சூட்டில் ஆட்கள் செத்தார்கள். பிறகு ஊரே வாயைக் கட்டிக்கொண்டது. ஒரு நாள் கான்ஸ்டபிள் ஒருவன் பள்ளிக்கு வந்து, கல்லெறிந்த கூட்டத்தில் ஸ்ரீவைகுண்டத்து மாணவன் வன்னியராஜின் சாயலில் ஒருவனைப் பார்த்ததாகச் சொல்லிவிட்டுப் போனான். தலைமையாசிரியர் பாக்கியசீலன் கெட்டவர் அல்ல, பயந்தவர். அரசாங்க மானியம் போய்விடுமே என்று பையனைக் கூப்பிடாமலேயே பதிவேட்டில் பெயரை அடித்துவிட்டார். கலகக்காரன் என்று வெளியேற்றியவனை வேறெந்தப் பள்ளி சேர்க்கும்? மெட்ரிகுலேஷன் எழுத வேண்டிய வருஷத்தில் அவன் படிப்பு அதோடு முடிந்த மாதிரிதான்.

வன்னியராஜ் பண்டிதர் வீட்டுக்கு வந்து, "ஐயா, ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தான். பண்டிதர் கையமர்த்தினார்.

"நீ எறிஞ்சிருக்க மாட்டலே. எனக்குத் தெரியும். போய் நிம்மதியா இரி."

தலைமையாசிரியரிடம் வாதாடினார். உம்ம வேலையைப் பாரும், ராஜா வழக்கையெல்லாம் இன்றோடு நிறுத்தும் என்று பதில் வந்தது. வெள்ளிக்கிழமை வந்ததும் பண்டிதர் அதே அரசனைக் கூண்டில் ஏற்றினார். பாக்கியசீலன் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்.

அன்று நீதிபதி நாற்காலியில் காஜா முகைதீன் என்ற பையன். தீர்ப்பைத் தொடங்குமுன் பாக்கியசீலன் எழுந்தார். அரசன்தான் சட்டம், அவனை விசாரிக்க எந்தக் கோர்ட்டுக்கு அதிகாரம் என்று கேட்டார். காஜா எழுந்து நின்றான்.

"நாங்க அரசன்கிட்டயும் சொல்ல வேண்டியது உண்டான்னு கேட்டுட்டுத்தான் ஐயா தீர்ப்புச் சொல்லுதோம். அரசன் அந்தக் குடிமகன்கிட்ட கேக்கலையே."

பாக்கியசீலன் வெளியேறினார். சற்று நேரத்தில் பண்டிதருக்கு அழைப்பு வந்தது. மேஜைமேல் வேலைநீக்க உத்தரவு தயாராக இருந்தது. கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்த பாக்கியசீலன், என்ன நினைத்தாரோ, நிமிர்ந்தார்.

"உமக்குச் சொல்ல ஏதும் உண்டா வே?"

"அந்தக் கேள்விய வன்னியராஜ்கிட்ட கேட்டியளா ஐயா?"

பாக்கியசீலன் பேனாவைக் கீழே வைத்தார். பெயர் அடிபட்ட நாளிலிருந்து தினமும் பள்ளி வாசலருகே வந்து நின்ற வன்னியராஜை உள்ளே அழைத்து வந்தார்கள். பாக்கியசீலன் அதே கேள்வியைக் கேட்டார். பண்டிதரின் முகத்தில் வெற்றிச் சிரிப்பு எட்டிப் பார்த்தது.

"எறிஞ்சது நெசம் ஐயா. எங்க அண்ணன் மண்டையில போலீஸ்காரன் தடியால அடிச்சான். ஆத்திரத்துல ஒரு கல்லு எறிஞ்சேன். யார் மேலயும் படல." பையன் பண்டிதரைப் பார்த்தான். "அன்னைக்கே சொல்ல வந்தேன். நீங்க கேக்கல."

வெளியே தெரிந்தால் பையனுக்கு ஜெயில். அந்த வாக்குமூலத்தை வரவழைத்தது தம் கேள்விதான் என்று பண்டிதருக்கு உறைத்தது. பாக்கியசீலன் எழுந்து ஜன்னலைச் சாத்தினார். பிறகு பிரம்பை எடுத்துப் பையனை நன்றாக விளாசினார். விசாரித்துத் தண்டித்தாயிற்று, இந்தப் பேச்சு இந்த அறையைத் தாண்டக் கூடாது என்று சொல்லி, பதிவேட்டில் அவன் பெயரைத் திரும்ப எழுதினார். பண்டிதரின் உத்தரவைக் கிழித்துப் போட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை பண்டிதர் அரசனை அழைக்கவில்லை. வன்னியராஜை நீதிபதி நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, தாமே கூண்டில் ஏறினார். சொல்ல வந்தவனைக் கேட்காமலே தீர்ப்புச் சொன்னதாகத் தம்மேல் தாமே குற்றம் படித்தார். பையன்கள் சிரிக்கவில்லை.

வன்னியராஜ் விதியை மறக்கவில்லை.

"நீர் சொல்ல வேண்டியது ஏதும் உண்டா?"

வாயாடிப் பண்டிதர் தலையைக் குனிந்துகொண்டார்.

"இல்லை" என்றார்.