கடைசி இருபத்தைந்து மீட்டர்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளைப் பட்டாம்பூச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர் வைத்தது இஸ்திரி எந்திரத்தில் நிற்கிற பெரியவர். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், பள்ளிக்கூட வயதில் தான் பட்டர்ஃபிளை பாணியில் நீந்தியதாக வாய் தவறிச் சொல்லிவிட்டாள். அவ்வளவுதான். நனைந்த படுக்கை விரிப்புகளை எந்திரத்திலிருந்து அள்ளி வண்டியில் போடும் அந்த அகன்ற தோள்களுக்கு அந்தப் பெயர் நன்றாகவே ஒட்டிக்கொண்டது. அவளும் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டாள். மீதிக் கதையை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

பதினேழு வயதில் அவள் ஒரு தேர்வுப் போட்டியின் இறுதிச் சுற்றுக்கு வந்திருந்தாள். இருநூறு மீட்டர் பட்டர்ஃபிளை; இருபத்தைந்து மீட்டர் குளத்தை எட்டு முறை கடக்க வேண்டும். முதல் மூன்று பேருக்கு அணியில் இடம். ஏழு லேப் வரை அவள்தான் முன்னால் இருந்தாள், அதுவும் ஓர் ஆள் நீளத்துக்கு. கடைசித் திருப்பத்தில் சுவரை உதைத்துக் கிளம்பிய மூன்றாவது கைவீச்சில் கைகள் சொன்னபடி கேட்கவில்லை. முழங்கை தொய்ந்தது. தண்ணீரைப் பிடித்துப் பின்னால் தள்ள வேண்டிய உள்ளங்கை, தண்ணீருக்குள் வழுக்கிக்கொண்டு போனது. ஒவ்வொரு வீச்சுக்கும் காலை இரண்டு முறை உதைக்க வேண்டும். இரண்டாவது உதை காணாமல் போனது. மூச்சுக்குத் தவித்துத் தலையை உயரத் தூக்கினாள். தலை தூக்கினால் இடுப்பு இறங்கும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. பதறிப்போய் இன்னும் பலமாக அடித்தாள். அடித்த அளவுக்குத் தண்ணீர்தான் தெறித்தது, உடம்பு நகரவில்லை. அவளுக்கு முன்பே மூன்று பேரின் கைகள் சுவரைத் தொட்டன.

வீட்டில் யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. அவளாகவே நீச்சலுடையை மடித்து வைத்தாள். பிறகு வேலை, கல்யாணம், வீடு என்று இருபத்தொரு வருஷம் ஓடிப்போயிற்று.

ஆனால் மனசு கேட்கவில்லை. வேலை முடிந்து வரும்போது ஒரு நிறுத்தம் முன்னதாகவே இறங்கி, நகராட்சி நீச்சல்குளத்தின் பின்சுவரை ஒட்டி நடந்து வருவாள். உயரத்தில் இருக்கும் காற்றுத் துவாரங்கள் வழியாக ஈரக்காற்றும் குளோரின் வாசனையும் வரும். சலவைக்கூடத்திலும் நாள் முழுக்க ஏறக்குறைய அதே வாசனைதான். அங்கே மூக்கைப் பொத்திக்கொள்கிறவள், இங்கே நின்று இழுத்து மூச்சு வாங்குவாள்.

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தீட்டும் அவள் கணவருக்கு இது தெரியும். "பகலெல்லாம் தண்ணியோட மல்லுக்கட்டினது போதாதா உனக்கு?" என்று கேலி செய்வார். அவள் பிடி கொடுக்காமல் வேறு பேச்சுக்குப் போய்விடுவாள்.

முப்பத்தெட்டாவது வயதில் வலது தோள் வலிக்கத் தொடங்கியது. மேற்பார்வையாளர் அவளை இரண்டு மாடி மேலே இருந்த பிசியோதெரபிப் பிரிவுக்கு அனுப்பினார். அங்கே இருந்த பிசியோக்காரி ஏறக்குறைய அவள் வயதுக்காரி. தோளை அழுத்திப் பார்த்தாள், கையைத் தூக்கச் சொன்னாள், சுழற்றச் சொன்னாள். சுழற்றிய விதத்தைப் பார்த்ததும் பிசியோக்காரியின் கை அப்படியே நின்றது. நிமிர்ந்து முகத்தைப் பார்த்தாள்.

"நீங்க நாலாவது லேன்ல நீந்தினவங்கதானே?" என்று கேட்டாள். "நான் அஞ்சாவது லேன். மஞ்சள் தொப்பி."

இருபத்தொரு வருஷமாக இவள் வெறுத்துவந்தது அந்த மஞ்சள் தொப்பியைத்தான். பக்கத்து லேனில் ஏழு லேப்பும் பின்னால் வந்து, கடைசியில் முந்திப்போய் மூன்றாவதாகச் சுவரைத் தொட்ட தொப்பி. அதற்குள் இருந்த முகம் எப்படி இருந்தது என்றுகூட இவளுக்கு நினைவில்லை.

பிசியோக்காரி தன் கதையை மறைக்காமல் சொன்னாள். அணியில் சேர்ந்தபின் காலையும் மாலையும் பயிற்சி. களைத்துப்போன பிறகும் நிறுத்த விடமாட்டார்களாம். தொய்ந்த முழங்கையோடு ஆயிரக்கணக்கான வீச்சுகள். இருபது வயதில் வலது தோளில் அறுவைசிகிச்சை. இன்றைக்கும் அந்தக் கை காதுக்கு மேலே போகாது. அதன்பிறகு அவள் நீந்தவே இல்லை.

"உங்களுக்கு அந்தக் கடைசி லேப்தான் ஞாபகம் இருக்கும்," என்றாள். "எனக்கு அதுக்கு முன்னாடி இருந்த ஏழுதான் ஞாபகம் இருக்கு. பக்கத்துல பார்த்துட்டே வந்தேன். அந்த மாதிரி ஒரே ஒரு தடவை நீந்திடணும்னு எவ்வளவு ஆசைப்பட்டேன் தெரியுமா? கடைசிவரைக்கும் எனக்கு வரவே இல்ல."

இவள் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வந்து மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். கீழே வண்டி விரிப்புகளோடு காத்துக்கொண்டிருந்தது. தான் இத்தனை வருஷம் தூக்கிப்போட நினைத்ததை, வேறொருத்தி பத்திரமாக வைத்திருந்திருக்கிறாள்.

தோள் ஆறிய அடுத்த மாதம், சிகிச்சைக்குப் போய்வந்த நாட்களில் பேசிவைத்தபடி, இருவரும் குளத்துக்குப் போனார்கள். இவள் இறங்கினாள், அவள் கரையில் உட்கார்ந்து காலை மட்டும் தண்ணீரில் தொங்கவிட்டாள். முதல் நாளே அவள் ஒரு நிபந்தனை போட்டாள்: முழங்கை தொய்ந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும். அன்றைக்குப் பதினோரு வீச்சுதான். பன்னிரண்டாவதில் கை தொய்ந்தது. கரையிலிருந்து குரல் வந்தது.

இன்னும் கொஞ்சம் நீந்துகிறேனே என்று இவள் வாதாடினாள்.

"வேண்டாம்," என்றாள் அவள். "களைச்சுப்போன கை என்ன செய்யுதோ அதையேதான் உடம்பு பழகிக்கும். நான் பழகினது அப்படித்தான். என் தோளைத்தான் பார்த்தியே."

எப்போது 'நீங்க' போய் 'நீ' வந்தது என்று இருவரும் கவனிக்கவில்லை.

பதினொன்று இருபதாயிற்று, இருபது வீச்சு மூன்று லேப்பாகி, நான்காகி, மெல்ல மெல்ல வளர்ந்தது. முன்தினம் ஈர விரிப்புகளை அதிகம் தூக்கியிருந்தால் காலையில் ஐந்தாவது லேப்பிலேயே கை கெஞ்சும். அதைக் கேள்விப்பட்ட இஸ்திரிப் பெரியவர், பட்டாம்பூச்சிக்கு இனி துணி மடிக்கிற வேலைதான் என்று தாமாகவே முடிவு செய்து, ஆளை மாற்றிவிட்டார். மேற்பார்வையாளருக்கு விஷயம் தெரிந்தபோது ஒரு வாரம் ஆகியிருந்தது.

ஒன்பது மாதம் கழித்து, முப்பத்தைந்து வயதைக் கடந்தவர்களுக்கு அதே குளத்தில் போட்டி நடந்தது. இருநூறு மீட்டர் பட்டர்ஃபிளைக்கு வந்தவர்கள் ஐந்தே பெண்கள். கணவர் கடைக்கு அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்து, ஒரு லேப்புக்கு எத்தனை வீச்சு என்று விரல்விட்டு எண்ணினார். முதல் நான்கில் பத்துப் பத்து. பிறகு பதினொன்று. ஏழாவதில் பன்னிரண்டு.

கடைசித் திருப்பம். சுவரை உதைத்துக் கிளம்பினாள். அன்றைக்கு வந்த அதே பாரம் கைகளில் வந்தேவிட்டது. இந்த முறை அதை எதிர்த்து அடிக்கவில்லை. தலையைத் தாழ்த்தியே வைத்தாள். அவசரப்படாமல் முழங்கையை உயர்த்தி, தண்ணீரைப் பிடித்து, இரண்டாவது உதையை விட்டுவிடாமல் போனாள். பக்கத்தில் ஒருத்தி தாண்டிப் போனது தெரிந்தது. போகட்டும் என்று விட்டாள். சுவருக்கு நான்கு வீச்சு இருக்கும்போது எல்லாம் குலைந்தது. அந்த நான்கையும் எப்படியோ அடித்து முடித்தாள்.

மூன்றாவது இடம். பதினேழு வயதில் நீந்தியதைவிட அரை நிமிஷம் அதிகம் ஆகியிருந்தது. லேன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இரைத்தபடி கரையைப் பார்த்தாள். பிசியோக்காரி எழுந்து நின்றிருந்தாள். அவளுடைய வலது கை, அவளுக்கே தெரியாமல், போகிற உயரம் வரைக்கும் போய் நின்றிருந்தது.

"நீயும் உள்ள வா," என்று இவள் கூப்பிட்டாள்.

"வேண்டாம். இறங்கினா திரும்பி ஏற மாட்டேன்," என்று சொல்லிவிட்டு அவள் துண்டை நீட்டினாள்.

மூவரும் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார்கள். கடைசி நான்கு வீச்சையும் விடாமல் பிடித்திருக்கலாமோ என்று இவள் மனம் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது. அடுத்த வருஷமாவது வருமா? வயதும் ஏறும். பிசியோக்காரிக்கு ஒரு மணிக்கு வேலை. இருந்தும் வந்து நின்ற பேருந்தில் அவள் ஏறவில்லை.

"முதல் ஏழு லேப்ல தண்ணி எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள். "அவசரமில்ல. நிதானமா சொல்லு."

இவள் சொல்லத் தொடங்கினாள். முதல் திருப்பத்தில் உள்ளங்கையில் தண்ணீர் ஏதோ கெட்டிப்பொருள்போல் நின்றதையும், பிறகு மெல்ல மெல்ல அது இளகிக்கொண்டே வந்ததையும், இடுப்பு உயர்ந்து உடம்பு தானாக முன்னால் சரிந்த அந்த ஒரு கணத்தையும் சொன்னாள். பிசியோக்காரி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். கணவர் இரண்டு பேருந்துகளைக் கை காட்டாமல் போகவிட்டார்.