பித்தளை என்று நான் சொன்ன உருளி

திருவனந்தபுரம், சாலைக் கடைத்தெரு. வெளியே வில்வண்டிக்காரர் அவசரப்படுத்துகிறார். நான் பாத்திரக் கடையில் ஓர் உருளியை விரல் முட்டியால் தட்டிப் பார்க்கிறேன். கோயில் மணிபோல் அதன் நாதம் அடங்கவே மாட்டேன் என்கிறது. வெண்கலம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் அதை ஒப்புக்கொண்டால் விலை குறையுமா?

"இது வெறும் பித்தளைல்லா அண்ணாச்சி! செம்புல வெள்ளீயம் சேர்ந்த வெண்கலம்னா சத்தம் இப்படியா இருக்கும்? திருநெல்வேலிக்காரன்கிட்டயா ஏமாத்தப் பாக்கீரு?" என்கிறேன்.

கடைக்காரர் வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு சிரிக்கிறார். "செரி, அந்தக் கல்படியில போட்டுப் பாரும். நெளிஞ்சா பித்தளை, சும்மா கொண்டு போவும். உடைஞ்சா வெண்கலம், முழு விலையும் தரணும். சம்மதமல்லே?"

வீம்புக்கு உருளியைத் தலைக்கு மேல் தூக்குகிறேன். அப்போதுதான் மூலையில் ஒரு கூடை நிறைய உடைந்த வெண்கலத் துண்டுகள் கண்ணில் படுகின்றன.

"அது என்னது?"

"உம்மள மாதிரி பித்தளைன்னு சாதிச்சவங்க போட்டு உடைச்சது. விலையும் தந்தாங்க, உருளியையும் இங்கயே விட்டுட்டுப் போனாங்க. அதுல பாதியை உருக்கி வார்த்ததுதான் இப்போ உம்ம கையில இருக்கது."