ஒன்பது ஆடுகளோடு காஜா பேராங்கிலிருந்து கிளேபாங் வரை

இந்தப் பக்கத்தில் நான் வழக்கமாக எழுதுவது அண்மைக்காலப் பயணங்களைத்தான். இந்த முறை 1958-க்குப் போகிறேன். காரணம், போன மாதம் வாசகர் ஒருவர் அனுப்பிய கேள்வி. மலாக்காவில் புக்கிட் காதில் என்ற ஊர்ப் பக்கம் சின்னதாக ஓர் ஆட்டுப் பண்ணை வைத்திருக்கிறாராம். மழை தொடங்கியதும் நான்கு ஆடுகள் செத்துவிட்டன. "மலாக்காவைப் பற்றி இவ்வளவு எழுதுகிறீர்களே, ஆட்டைப் பற்றி ஏதாவது தெரியுமா?" என்று கேட்டிருந்தார். தெரியும். மலாக்காவுக்கு நான் போன முதல் பயணமே ஆடுகளோடுதான் கழிந்தது.

மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்து ஓராண்டு ஆகியிருந்தது. எனக்குப் பத்தொன்பது வயது. சிரம்பானில் ஒரு தையல் கடையில் வேலை. தீபாவளித் துணிகளைத் தைத்து முடித்த களைப்புக்குக் கடைக்காரர் ஒரு வாரம் விடுப்பு கொடுத்தார். அண்ணன் கல்யாணமாகி மலாக்காவில், காஜா பேராங்கில் குடியிருந்தார். கோட்டை வாசலைப் பார்க்கலாம், ஆற்றோரம் நடக்கலாம், அண்ணி சமையலைச் சாப்பிடலாம் என்று கிளம்பினேன்.

சிரம்பானிலிருந்து தம்பின் வரை ஒரு பேருந்து, ஒரு வெள்ளி இருபது காசு. அங்கே மாறி மலாக்காவுக்கு இன்னொன்று, தொண்ணூறு காசு. எல்லாம் சேர்த்து ஐம்பது மைலுக்குச் சற்று மேல். காலை ஏழரைக்கு ஏறியவள் மதியச் சாப்பாட்டு வேளைக்குத்தான் இறங்கினேன். வழி நெடுக மழை. சாரலுக்குப் பயந்து ஜன்னலை எல்லாம் மூடிவிட்டார்கள், அதனால் அந்தப் பாதையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. மலாக்காவிலிருந்து பேச்சா, அதாவது மூன்று சக்கர மிதிவண்டி, நாற்பது காசு. காஜா பேராங்கில் இன்னும் தண்ணீர் வடியவில்லை என்று பேச்சாக்காரர் மலாயில் சொன்னார். வீட்டு வாசலுக்கு முன்பே இறங்கிச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

வரவேற்க யாரும் வெளியே வரவில்லை. பின்பக்கம் போய்ப் பார்த்தால் அண்ணி ஆட்டுக் கொட்டிலில் கணுக்கால் அளவு சேற்றில் உட்கார்ந்து, ஒரு வெள்ளை ஆட்டின் தலையை மடியில் வைத்திருந்தார்.

"வா கமலா. கை கழுவாம எதையும் தொடாத. சோறு மூடி வச்சிருக்கேன், போய்ச் சாப்பிடு."

அண்ணிக்கு அப்போது இருபத்தாறு வயது இருக்கும். மூன்று ஆண்டுகளாகக் கறவை ஆடுகள் வளர்த்துச் சுற்றியிருந்த வீடுகளுக்குப் பால் ஊற்றிவந்தார். அந்த மழையில் இரண்டு செத்துவிட்டன. மிச்சம் ஒன்பது. பார்க்கவே சகிக்கவில்லை. மயிர் சிலிர்த்து நின்றது. சிலவற்றுக்குத் தாடைக்குக் கீழே தண்ணீர்ப் பை மாதிரி வீங்கித் தொங்கியது. அண்ணி ஓர் ஆட்டின் கீழ் இமையை விரலால் இழுத்துக் காட்டினார். உள்ளே சிவப்பாக இருக்க வேண்டிய இடம் வெள்ளைத் தாள் போல இருந்தது.

மாலையில் அண்ணன் வந்தார். கித்தா என்று நாங்கள் சொல்லும் ரப்பர்க் கிடங்கில் லோரி ஓட்டும் வேலை. சாப்பிட உட்கார்ந்ததும் விஷயத்தைச் சொன்னார். பசாரில் ஆட்டுக்கறிக் கடை வைத்திருக்கும் காதர் பாயிடம் ஒன்பதையும் பேசி முடித்துவிட்டார். ஒரு கல்யாண விருந்துக்கு ஆடு வேண்டுமாம். நாளை மறுநாள் லோரி வரும்.

அண்ணி குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தார். "சீக்குன்னு சொன்னீங்களா?"

"மழையில கொஞ்சம் இளைச்சிருக்குன்னு சொன்னேன்."

"அப்ப விக்க முடியாது."

"பிறகு? ஒவ்வொண்ணா சாவுறத பாத்துக்கிட்டு இருக்கப் போறியா? நீ தூங்கி எத்தன நாளாச்சு, அது தெரியுமா உனக்கு?"

"தெரியும். சீக்கு ஆட்ட கல்யாணச் சோத்துக்குக் குடுக்க மாட்டேன். என்னா சீக்குன்னே தெரியாம அடுத்தவரு பட்டிக்கும் அனுப்ப மாட்டேன். அங்க இருக்குற ஆட்டுக்குத் தொத்திச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

அண்ணன் கோபக்காரர் இல்லை. ஆனால் கொடுத்த வார்த்தை போகிறதே என்ற வருத்தத்தில் அன்று சோற்றைப் பாதியில் விட்டுவிட்டுப் படுத்துவிட்டார்.

மறுநாள் காலை அண்ணி ஒரு பிஸ்கட் டின்னை என் கையில் கொடுத்தார். உள்ளே வாழை இலையில் மடித்த ஆட்டுப் புழுக்கை, ஒவ்வோர் ஆட்டுக்கும் தனித்தனிப் பொட்டலம். டவுனில் இருந்த அரசாங்கக் கால்நடை நிலையத்துக்கு நான் கொண்டுபோக வேண்டும். அவர் ஆடுகளை விட்டு நகர முடியாது. இப்படித்தான் மலாக்கா டவுனை நான் முதன்முதலாகச் சுற்றினேன். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள், "பலகாரமா?" என்று அன்பாகக் கேட்டார். "இல்லைங்க, மருந்து விஷயம்" என்று சொல்லிவிட்டு டின்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கோட்டை வாசலைத் தூரத்திலிருந்து பார்த்தேன். இறங்க மனம் வரவில்லை.

நிலையத்தில் இருந்த மலாய் இளைஞர் புழுக்கையைக் கரைத்து, கண்ணாடித் துண்டில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தார். பிறகு என்னையும் பார்க்கச் சொன்னார். முட்டைகள். வட்டம் முழுக்க நீள்வட்ட முட்டைகள். வயிற்றில் இருந்துகொண்டு இரத்தம் குடிக்கும் புழு என்றார். காலையில் எங்கே மேய்கின்றன என்று கேட்டார். வீட்டுக்குப் பின்னால் சதுப்பில் என்றேன். ஈரப் புல்லின் நுனியில்தான் புழுக்குஞ்சு ஏறி உட்கார்ந்திருக்கும், மருந்து கொடுத்தாலும் அதே புல்லைத் தின்றால் மறுபடி வரும் என்று சொல்லி, சாம்பல் பச்சையாக ஒரு பொடி கொடுத்தார். மருந்து குடித்த ஆட்டுக்குச் சிறுநீர் சிவந்து போகும், பயப்பட வேண்டாம் என்றும் சொன்னார். அப்படிப் போனபோது எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

மதியமே பொடியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தோம். நான் ஆட்டைக் கால்களுக்கு நடுவில் நிறுத்திப் பிடிக்க, அண்ணி பாட்டிலைக் கடைவாயில் செருகிக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். தலையை ரொம்ப நிமிர்த்தினால் மருந்து நுரையீரலுக்குப் போய்விடும் என்று ஒவ்வொரு முறையும் சொன்னார். முடிந்ததும் கை கழுவி, பால் ஊற்றும் வீடுகளுக்கெல்லாம் நடந்துபோய், ஆடு தேறும்வரை பால் கிடையாது என்று சொல்லிவிட்டு வந்தார். பக்கத்து வீட்டு மீனாச்சி அக்காவிடமும் போனார். அவர்கள் மலாக்காச் செட்டி சமூகத்தார். பெயரும் பொட்டும் நம்மைப் போல, பேச்சு மட்டும் முழுக்க மலாய். அவருடைய இரண்டு ஆடுகளும் அதே சதுப்பில்தான் மேய்ந்தன. அண்ணி சொன்னதைக் கேட்டுவிட்டு, "ஜாங்கான் சம்போர்" என்றார், ஒன்றாகக் கலக்க வேண்டாம் என்று. அன்றே இரண்டையும் வீட்டுப் படிக்குக் கீழே கட்டி இலை ஒடித்துப் போட ஆரம்பித்தார்.

மறுநாள் காதர் பாயின் லோரி வந்தது. அண்ணன் வேலைக்குப் போகாமல் வாசலில் நின்றார். அண்ணிதான் முன்னால் போனார்.

"பாய், இத நீங்க வாங்கக் கூடாது. வயித்துல புழு. ரத்தமே இல்ல."

"நல்ல ஆடுன்னுல சொன்னாரு."

"நல்ல ஆடுதான். இப்ப சீக்கா கிடக்கு."

காதர் பாய் தாமே குனிந்து ஓர் ஆட்டின் இமையை இழுத்துப் பார்த்தார். இன்னொன்றையும் பார்த்தார். நிமிர்ந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "கல்யாண வீட்டுக்குச் சொல்லிட்டேனேம்மா. இப்ப ஜாசின் பக்கம் போயித் தேடணும். உங்க வீட்டுக்காரர்ட்ட கோவப்படுறதா, உங்ககிட்ட கோவப்படுறதான்னு தெரியல."

நானாக இருந்தால் அதோடு மன்னிப்புக் கேட்டு உள்ளே போயிருப்பேன். அண்ணி அதே இடத்தில் நின்று, "பாய், கிளேபாங்ல உங்க தென்னந்தோப்பு மணல் தரைதான? தண்ணி நிக்காதுல்ல?" என்று கேட்டார்.

"அதுக்கு?"

"இங்க கொட்டில உசத்திக் கட்டுற வரைக்கும் ஆட்ட அங்க வச்சுக்கிறேன். மருந்து குடுத்தாச்சு. தரையில விடமாட்டேன், பரண் போட்டு மேல நிறுத்துறேன்."

காதர் பாய் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தரையைப் பார்த்தார். "என்னோட ஆடு நாலு அங்க ஒரு ஓரமா நிக்குது. ஒண்ணு சேரக் கூடாது" என்றார் பாய் கடைசியாக.

"அத நானே சொல்லணும்னு இருந்தேன்."

லோரி வெறுமனே திரும்பியது. அண்ணன் வீட்டுக்குள் போகவில்லை. சைக்கிளில் ரம்பத்தையும் சுத்தியலையும் கட்டிக்கொண்டு கிளேபாங்குக்குப் போனவர், இருட்டிய பிறகுதான் வந்தார். "பரண் முடிஞ்சிருச்சு. நாளைக்குக் கூட்டிட்டுப் போகலாம்" என்று மட்டும் சொன்னார்.

கிளேபாங் அங்கிருந்து மூன்று மைல் இருக்கும். சாதாரணமாக ஒரு மணி நேர நடை. எங்களுக்கு அரை நாள் ஆனது. நடக்க முடியாத இரண்டு ஆடுகளுக்குப் பேச்சா பிடித்தோம். ஆட்டுக்கும் ஆள் கூலிதான் என்று பேச்சாக்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், ஆகவே எண்பது காசு, பிடித்துக்கொள்ள ஏறிய எனக்குக் கூலி கேட்கவில்லை. நான் அந்த இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து ஆளுக்கொரு கையால் அணைத்துக்கொண்டேன். அண்ணனும் அண்ணியும் மற்ற ஏழு ஆடுகளையும் கயிற்றில் பிடித்து முன்னால் நடந்தார்கள். தெங்கேரா சாலையில் பள்ளிவாசலைத் தாண்டியதும் ஒரு வீட்டு வேலிச் செம்பருத்தியை ஒரு கிடா எட்டிக் கடித்தது. இத்தனை நாளில் அது தானாக ஒன்றைத் தின்றது அப்போதுதான். வீட்டுக்காரர் கதவைத் திறந்து திட்டத் தொடங்க, அண்ணி சிரித்தார். நான் போனதிலிருந்து அவர் சிரித்துப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

என் மடியில் சாய்ந்திருந்த வெள்ளை ஆடு கிளேபாங் வரை வந்தது. பரணில் ஏற்றிப் படுக்க வைத்தோம். சாயங்காலம் கடல் காற்று வரும் நேரத்தில் செத்துப்போனது. அண்ணியின் முதல் ஆடு அதுதானாம். அதன் காதை ஒருமுறை நீவிவிட்டார். பிறகு அண்ணனிடம், "ஆழமா தோண்டுங்க, நாய் இழுக்கக் கூடாது" என்றார். அண்ணன் இடுப்பளவு தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தார். மண்ணைத் தள்ளி முடித்ததும், "நல்லவேள, நீ விக்க விடல" என்றார், அண்ணியைப் பார்க்காமல். அண்ணி அதற்குள் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு அடுத்த ஆட்டின் இமையை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மிச்சம் எட்டும் பிழைத்தன. நான் கிளம்பும் முன்பே நான்கு ஆடுகள் பலாவிலைக்கு முண்டியடித்தன. காஜா பேராங்கில் புதுக் கொட்டில் இடுப்பு உயரத்துக்கு எழும்பி, ஆடுகள் வீடு திரும்ப இரண்டு மாதம் ஆயிற்று என்று பிறகு கேள்விப்பட்டேன்.

புக்கிட் காதில் நண்பருக்கு என் பதில் இதுதான். பனி காயாமல் மேய விடாதீர்கள். இலையைக் கட்டித் தொங்கவிட்டுக் கொடுங்கள், மிதித்த தீனியைத் திரும்பத் தராதீர்கள். தரை உயரமாக, இடைவெளி விட்ட பலகையாக இருக்கட்டும். இமையை வாரம் ஒருமுறையாவது பாருங்கள். வீட்டுக்கு வரும் புது ஆட்டை ஒரு மாதமாவது தள்ளிக் கட்டுங்கள், அது எவ்வளவு கத்தினாலும் சரி. அந்தக் காலத்துப் பொடியைத் தேட வேண்டாம். புழுக்கையைக் கால்நடை மருத்துவரிடம் காட்டி, அவர் சொல்லும் மருந்தை ஆட்டின் எடைக்கு ஏற்ற அளவில் கொடுங்கள். சும்மா சும்மா கொடுத்தால் புழு மருந்துக்குப் பழகிவிடும். இமை வெளுப்பதற்கு வேறு காரணங்களும் உண்டு, ஆகவே நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள்.

ஊர் பார்க்க மட்டும் போகிறவர்களுக்கு: சிரம்பானிலிருந்து இப்போது காரில் ஒன்றரை மணி நேரம்தான். நவம்பரைத் தவிர்ப்பது நல்லது. கிளேபாங்கில் சாயங்காலக் காற்று இன்றும் நன்றாக இருக்கும். வழியில் யாருடைய பண்ணைக்காவது போனால் செருப்பைக் கழுவாமல் வெளியே வராதீர்கள்.

இதை அண்ணியிடம்தான் கற்றேன். கிளம்பும் நாள் காலை, அண்ணன் பெட்டியைச் சைக்கிளில் கட்டிவிட்டார், பேருந்துக்கு நேரமாகிவிட்டது. நான் அண்ணியைக் கட்டிக்கொள்ளப் போனேன். அவர் என் காலைப் பார்த்தார். கிணற்றடிக்கு அழைத்துப்போய்ச் சோப்பையும் தேங்காய் நாரையும் கொடுத்தார்.

"அடிப்பக்கம் நல்லா தேய். உங்க தெருவுலயும் யாராச்சும் ஆடு வச்சிருப்பாங்கல்ல?"

நான் தேய்த்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று வாளியிலிருந்து தண்ணீர் ஊற்றினார். இரண்டு செருப்பையும் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, குனிந்து என் காலடியில் வைத்தார். பிறகுதான் கட்டிக்கொண்டார்.