எண்பது கிலோவைத் தாண்டாமல் ஒரு தீபாவளிப் பயணம்

தீபாவளி முடிந்த மறுநாள் காலை எட்டு மணிக்கு நானும் மனைவி மலரும் ஜொகூரின் தம்போயிலிருந்து காரில் கிளம்பினோம். முதலில் பண்டார் தெங்காராவில் சித்தி வீடு, பிறகு தங்காக்கில் அக்கா வீடு. வருஷா வருஷம் போகிற பாதைதான். இந்த முறை மட்டும் என் உடம்புக்கு ஒரு கணக்கு இருந்தது. அடுத்த திங்கட்கிழமை மருத்துவமனையில் எடை எண்பது கிலோவைத் தாண்டக்கூடாது. தாண்டினால் அறுவை சிகிச்சை தள்ளிப்போகும். அக்காவுக்கு நான் ஒரு சிறுநீரகம் கொடுக்கப் போகிறேன். வாரத்துக்கு மூன்று நாள் இயந்திரத்தோடு படுத்திருக்கிறவளை இன்னும் காக்க வைக்க எனக்கு மனமில்லை.

தொண்ணூற்றிரண்டிலிருந்து எழுபத்தொன்பதரைக்கு இறங்கியிருந்தேன். அரைக்கிலோதான் மிச்சம். அரைக்கிலோ என்றால் நம் வீடுகளில் ஒரு தட்டு பிரியாணிக்குக் காணாது!

கூலாய் வழியாகச் சித்தி வீட்டுக்கு ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர். கூலாயைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்கள்தான். வழியில் நல்ல கடை கிடைப்பது சந்தேகம், தண்ணீரைக் கையோடு கொண்டுபோங்கள்.

நல்ல நாளும் அதுவுமாக ஆஸ்பத்திரிப் பேச்சு எடுத்தால் சித்திக்குப் பிடிக்காது. அதனால் சஷ்டி விரதம் என்று சொல்லிவிடலாம் என முடிவெடுத்தேன். அன்றுதான் சஷ்டி தொடக்கம். என்னைவிடக் கெட்டிக்காரன் ஜொகூரிலேயே இல்லை என்ற நினைப்பு வேறு. மலர் மட்டும், சித்தியை உங்களுக்குச் சரியாகத் தெரியவில்லை என்றாள்.

அவள் சொன்னதுதான் நடந்தது. விரதம் என்றதும் சித்தி கோழிக்கறியை மூடி வைத்துவிட்டு அடுப்பங்கரைக்குள் போனார். அரை மணி நேரத்தில் நெய் மிதக்கும் கேசரி, ஜவ்வரிசிப் பாயாசம், சீப்போடு வாழைப்பழம், கெட்டிப்பால் ஊற்றிய ஒரு பெரிய குவளைப் பால், எல்லாம் என் முன்னால் வந்து உட்கார்ந்தன. விரதக்காரனுக்குப் படைப்பது புண்ணியமாம். கோழியே தேவலாம் போல இருந்தது. ஒரு கரண்டி கேசரி உள்ளே போனதும் எனக்குப் பயம் வந்துவிட்டது. உள்ளதைச் சொன்னேன்.

சித்தி தட்டை எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது.

"இத மொதல்லயே சொல்றதுக்கு என்னடா? நான் என்ன அந்நியமா? அவளுக்குக் கொடுக்கப் போற ஒடம்புல நான் நெய்ய ஊத்துவேனா?"

கிளம்பும்போது முறுக்கு டப்பாவுக்குப் பதிலாகத் தோட்டத்து முருங்கைக்கீரையும் வெள்ளரிக்காயும் கட்டிக் கொடுத்தார். அந்த வீட்டிலிருந்து பலகாரம் இல்லாமல் நான் வெளியே வந்தது அதுதான் முதல் தடவை.

அங்கிருந்து தங்காக் சுமார் நூற்றெழுபது கிலோமீட்டர், நெடுஞ்சாலையில் இரண்டரை மணி நேரம். டோல் கட்டணம் இருபது வெள்ளிக்குள் அடங்கியது. ஊருக்குள் துணிக்கடைப் பக்கம் விடுமுறையில் நெரிசலாக இருக்கும், சுற்றிப் போவது நல்லது.

தீபாவளி வாரம் முழுக்க ஆட்டுக்கறிப் பெரட்டலோடு திறந்தே கிடக்கும் அக்கா வீடு, இந்த முறை சாத்தியிருந்தது. அக்கா அடுப்பே பற்றவைக்கவில்லை. சமைத்தால் வாசனைக்கே நீ விழுந்துவிடுவாய் என்றாள். சித்தி கொடுத்த கீரையை மலர் வதக்கி, ரசமும் வைத்தாள். நாங்கள் இருவரும் அதோடு கொஞ்சம் சோறு சாப்பிட்டோம்; கீரையும் ரசமும் ஆகாத அக்கா வெள்ளரிக்காயோடு சாப்பிட்டாள். அக்கா அன்றைய நாளுக்கென்று அளந்து வைத்த தண்ணீரைச் சின்னக் குவளையில் சொட்டுச் சொட்டாகக் குடிப்பதைப் பார்த்தபோது, என் பசியெல்லாம் ஒரு பசியா என்று வெட்கமாக இருந்தது.

உங்களுக்கும் இப்படி ஒரு பயணம் வாய்த்தால், ஒரு நாளைக்கு இரண்டு வீட்டுக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள். உட்காரும் முன்பே வெறும் தேநீர் கேளுங்கள், கையில் குவளை இருந்தால் தட்டு வரத் தாமதமாகும். காருக்குள் பலகாரப் பொட்டலம் ஏற்றாதீர்கள், நெரிசலில் கை சும்மா இருக்காது. முக்கியமாக, விரதம் என்று மட்டும் பொய் சொல்லாதீர்கள். காரணத்தைச் சொன்னால் நம் சனங்கள் பட்டினி போட்டுக்கூடப் பார்த்துக்கொள்வார்கள்.

திங்கட்கிழமை எடை எழுபத்தொன்பது புள்ளி இரண்டு. மருத்துவர் தேதி குறித்துக் கொடுத்தார். வெளியே வந்ததும் அக்காவைத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னேன்.

"அப்போ அடுத்த தீபாவளிக்கு நான் சமைக்கலாம்ல, தம்பி?"

"சமையக்கா," என்றேன்.