கரி இன்ஜின் பின்

எங்கள் லைன் வீட்டுப் பெண்களுக்குத் தாலிச்சரடுதான் ஊக்குப் பெட்டி. என் கழுத்திலும் இரண்டு ஊக்கு தொங்குகிறது. ஆனாலும் பக்கத்து வீட்டுத் திலகவதியை நான் திட்டாத நாளில்லை. "தாலியில இரும்ப மாட்டாதடி!"

"அவசரத்துக்கு நீயாக்கா தருவ?" என்பாள்.

அவள் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பிஸ்கட் அடுக்குகிறவள். புருஷன் மணவாளன் உருக்காலையில் இருந்தார். தலையில் கம்பிக்கட்டு விழுந்ததிலிருந்து தன் பேரும் தெரியாது, ஊரும் தெரியாது. பெண்டாட்டியையே சில நாள் "யாரும்மா நீ?" என்பார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் சட்டையில் குத்தியிருக்கும் பின் ஒன்றுதான். கல்யாணமான புதிதில் பெரம்பூர் ரயில் மியூசியம் பார்க்கப் போனபோது அவள் வாங்கிக் கொடுத்தது. கறுப்புக் கரி இன்ஜின், சிவப்புச் சக்கரம். அதைத் தடவித் தடவிக் "கூ" என்பார். பாவி மனுஷன், அப்போது மட்டும் சிரிப்பார்.

போன செவ்வாய்க்கிழமை அவள் துணி துவைத்துக் காயப்போட்டுவிட்டு வருவதற்குள் ஆளைக் காணோம்.

இருவரும் ஓடினோம். போனில் இருந்தது அவர் மாப்பிள்ளைக் கோலத்தில் நின்ற படம். இப்போதைய மொட்டைத் தலைக்கும் ஒட்டிய கன்னத்துக்கும் அது எதற்கு ஆகும்? அதனால் புதுவாயல் கூட்டுரோட்டு டீக்கடையில் அவள் பின்னைத்தான் சொன்னாள்.

"அண்ணே, சட்டையில ரயில் பின்னு குத்தினு ஒருத்தர் வந்தாரா?"

கடைக்காரர் பின்பக்கம் எட்டிப் பார்த்தார். "பின்னு போட்டவங்க யாரும் இல்லம்மா."

கவரைப்பேட்டை ஸ்டேஷன், பொன்னேரி பஸ் ஸ்டாண்ட், எங்கே போனாலும் இதே கேள்விதான். "மூஞ்சியப் பாக்காதீங்க, பின்னப் பாருங்க" என்று கெஞ்சினாள். தொண்டை கட்டிப்போனது. ஆண்டவன்மேல் எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது.

சாயங்காலம் திரும்பி அதே டீக்கடைக்கு வந்தோம். முகம் கழுவ அவள் குழாயடியில் குனிந்தாள். தாலிச்சரடு வெளியே சரிந்தது. ஊக்குகளுக்கு நடுவில் கரி இன்ஜின்.

காலையில் அழுக்குச் சட்டையிலிருந்து கழற்றி, கை போன போக்கில் அங்கே மாட்டியிருக்கிறாள். மாற்றுச் சட்டையில் குத்த மறந்துவிட்டாள்.

கடைக்காரரும் பார்த்தார். அவர் முகம் செத்துப்போனது.

"இதாம்மா அந்தப் பின்னு? காலைல நீங்க கேக்கசொல்ல, மொட்டத்தலையா ஒருத்தரு பின்னாடி பெஞ்சுல ஒக்காந்துனு இருந்தாரும்மா. சட்டையில பின்னு இல்ல, அதான் இல்லன்னுட்டேன். நீங்க அந்தாண்ட போனதும் ஆந்திரா லாரி ஒண்ணுல ஏறிப் போய்ட்டாரு."

திலகவதி குழாயடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். தலையில் அடித்துக்கொண்டாள். அவள் கையைப் பிடித்து நிறுத்த எனக்குத் தெம்பில்லை.

போலீசில் சொல்லியிருக்கிறோம். தடா, சூளூர்ப்பேட்டை வரைக்கும் போய்த் தேடிவிட்டோம். வேலை முடிந்ததும் அவள் கூட்டுரோட்டுக்குப் போய், வருகிற லாரி ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அந்தப் பின் இப்போது தாலியில் இல்லை. முந்தானையில், தோளுக்கு நேராக, வெளியே தெரியும்படி குத்தியிருக்கிறாள்.

"என்னத் தெரியாதுக்கா அவருக்கு," என்றாள். "இதத் தெரியும்."