தையலுக்கு விட்ட அரை அங்குலம்

என் சகலை தைத்துக் கொடுத்த ஒரே சட்டைக்குள் இருபது வருஷத்தில் நான் பதினெட்டு கிலோ ஏறியிருக்கிறேன். சட்டை இறுகும்போதெல்லாம் அவர் கடையில் போய் நிற்பேன். என்னை மேலும் கீழும் பார்ப்பார். "வயிறு வளருது சகலை, வாயைக் கட்டுங்க" என்பார். பிறகு உள்ளே மடித்து வைத்த துணியைப் பிரித்து, கொஞ்சம் வெளியே விட்டு, மறுபடி தைத்துத் தருவார். மனுஷன் என்றால் பெருக்கத்தான் செய்வான், அதற்கு முதலிலேயே இடம் விட வேண்டும் என்பது அவர் கட்சி.

அவர் என் மனைவியின் தங்கை புருஷன், தையல்காரர். நான் நாலு கடை தள்ளி மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். அவர் கடைக்குப் பின்னால் ஒரு முற்றம். அதில் தார்ப்பாய் போர்த்தி ஒரு கார். ஆர்.சி. புத்தகத்தில் ஒரு கம்பெனி பெயர், பானட்டில் இன்னொரு பெயர், முன் சக்கரங்கள் மூன்றாவது ஏதோ ஒரு வண்டியிலிருந்து வந்தவை. முன்னால் வைத்திருந்தவன் அப்படி ஒட்டுப்போட்டு இவர் தலையில் கட்டிவிட்டான். ஒட்டுப்போடுவதில் இவருக்கு என்றைக்குமே குறை தெரியாது.

அந்தக் கார் செய்த பாவம் ஊருக்கே தெரியும். அவர் மகள் கல்யாணத்தன்று பெண்ணை அதில்தான் அழைத்து வந்தார். மண்டப வாசலில் நாங்கள் எல்லாரும் மாலையும் கையுமாக நிற்கிறோம். கார் வந்தது. நிற்கவில்லை. சகலை பிரேக்கின் மேல் ஏறி நின்ற மாதிரி மிதிக்க, பெண் ஜன்னல் வழியாக எங்களைப் பார்த்தபடியே எங்களைக் கடந்து போனாள். தெருக்கோடியில் ஒரு மணல் குவியலில் முட்டித்தான் வண்டி நின்றது. அங்கிருந்து மண்டபம்வரை மணப்பெண் நடந்து வந்தாள். அதற்குப் பிறகு இரண்டு வருஷமாக அவள் அந்தக் காரில் ஏறவில்லை. கோபமாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார். "பரவாயில்லப்பா, நான் பஸ்ஸுல போய்க்கறேன்" என்று ஒவ்வொரு தடவையும் சிரித்துக்கொண்டே சொல்வாள். அதுதான் அவரைக் குத்தியது.

அவளுக்குப் பிரசவ நாள் நெருங்கியபோது ஃபோனில் அப்பாவிடம் ஒரு வார்த்தை சொன்னாள். "ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தையோட நம்ம வண்டியிலேயே வரேன்பா. ஆனா பிரேக் பிடிக்கணும். பிடிக்கலேன்னா அவர் டாக்ஸி சொல்லிடுவார்."

சகலைக்கு உயிர் வந்துவிட்டது. அன்றைக்கே தார்ப்பாயை உருவினார். மெக்கானிக் எதற்கு, தையல் மிஷினை அக்கக்காகக் கழற்றி மாட்டுகிறவனுக்கு இது ஒரு வேலையா என்று அவரே ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்றினார். உள்ளே டிஸ்கை இரண்டு பக்கமும் கவ்வி நிறுத்தும் பிரேக் பேட் இரண்டும் தேய்ந்து வெறும் இரும்பாக இருந்தன. கம்பெனி ஷோரூமில் கேட்டதற்கு, முன்பக்கம் முழுவதையும் மாற்றினால்தான் உண்டு என்று ஒரு விலை சொன்னார்கள். "அந்த விலைக்கு இன்னொரு கார் வரும் சகலை, அதுல பிரேக்கும் இருக்கும்" என்று நான் சொன்னேன். அவர் காதில் வாங்கவில்லை. ஸ்பேர் பார்ட்ஸ் தெருவில் மலிவாகத் தேடலாம் என்றார்.

"அந்தப் பழைய பேடை எடுங்க, போகலாம்" என்றேன்.

"ஐயையோ, அளவு கடையை விட்டு வெளியே போகக் கூடாது" என்றார். பல வருஷம் முன்பு ஒரு வாடிக்கைக்காரர் அளவுக்காகக் கொடுத்த சட்டையை பஸ்ஸில் தொலைத்துவிட்டு வாங்கிய திட்டு அவருக்கு இன்னும் ஆறவில்லை. ஆகவே பேடை வெட்டு மேஜை மேல் வைத்து, சாக்கட்டியால் சுற்றி வரைந்து, அட்டையில் அச்சாக வெட்டி எடுத்துக்கொண்டார். அழகான வேலைதான், அதில் குறை சொல்ல மாட்டேன்.

அந்த அட்டையோடு பத்து நாள் அலைந்தோம். என் கடையைப் பாதி நாள் பூட்டிவிட்டு நானும் போனேன், என்னைச் சொல்ல வேண்டும். முதல் கடைக்காரர் தலைக்கு மேல் கயிற்றில் பேட்களைச் சரம் சரமாகத் தொங்கவிட்டிருந்தார். ஒவ்வொன்றாக அட்டை மேல் வைத்துப் பார்த்தார். எல்லாம் சின்னது. "இந்த அளவுல காருக்கு வரவே வராது சார்" என்றார். இரண்டாவது கடையில் "லாரிக்கா?" என்றார்கள். மூன்றாவது கடைக்காரர் அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். "ரயிலுக்கு நாங்க பார்ட்ஸ் விக்கிறதில்லைங்க ஐயா."

எனக்கு மானம் போயிற்று. சகலைக்கோ பெருமை தாங்கவில்லை. "பாத்தீங்களா? நம்ம வண்டிக்கு எவ்வளவு பெரிய பிரேக்! அந்தக் காலத்துல எதையும் தாராளமா பண்ணியிருக்காங்க."

"தாராளமா பண்ணினது ஏன் நிக்கல?"

அவர் அட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அடுத்த கடைக்கு நடந்தார்.

கடைசியில் சிறிய லாரி ஒன்றின் பேட் அட்டைக்குச் சரியாக வந்தது. வாங்கிக்கொண்டு ஓடி வந்தார். சக்கரத்துக்குள் அது போகவே இல்லை. குப்புறப் படுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் முட்டி மோதினார். பிறகு பேடை மாட்டும் இரும்புக் கவ்வியைத் தட்டிக் காட்டி, "இது கொஞ்சம் இறுக்கமா இருக்கு. பிரிச்சு விட முடியுமா?" என்று என்னிடமே கேட்டார். இரும்பைப் பிரித்துவிட வேண்டுமாம்! நான் வாயைத் திறந்தால் உறவு முறிந்துவிடும் என்று வீட்டுக்குப் போய்விட்டேன்.

அதற்குள் குழந்தை அவசரப்பட்டு ஒரு வாரம் முன்னாலேயே பிறந்துவிட்டது. பெண் குழந்தை. வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்புவதாகச் சொல்லிவிட்டார்கள். வியாழன் காலையில் மாப்பிள்ளை ஃபோன் செய்தார். "சிரமப்படாதீங்க மாமா, நான் டாக்ஸிக்குச் சொல்லிட்டேன்." நல்ல பையன், நல்ல மனசோடுதான் சொன்னான். ஃபோனை வைத்துவிட்டு சகலை ஊசியில் நூல் கோக்க முயன்றார். ஏழு தடவை தவறியது. பார்க்கச் சகிக்கவில்லை எனக்கு. "எழுந்திரிங்க, இன்னும் ஒரு கடை பாக்கி இருக்கு" என்று இழுத்துக்கொண்டு போனேன்.

அது பழைய இரும்புக் கடை. நடத்துகிறவர் ஒரு அம்மா. மூடிப்போன கடைகளின் விற்காத சரக்கைப் பெட்டி பிரிக்காமல் வாங்கி வைத்திருப்பவர். அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"உள்ளுக்குள்ள ஒரு கோடு ஓடுதே, இது என்ன?"

"அது தையல் கோடும்மா" என்றார் சகலை.

"அப்போ இந்தக் கோட்டுக்கு வெளியில இருக்கிறது?"

"தையலுக்கு விட்டது. சுத்தி அரை அங்குலம்."

அந்த அம்மா அட்டையைப் பார்த்தார், சகலையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "எதுக்கு?"

"பின்னால பிரிச்சுப் பெருசு பண்ணணும்னா வேணாமா..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நின்றார். திறந்த வாய் மூடவில்லை.

"அடப் பாவி மனுஷா!" என்று கத்திவிட்டேன். "பத்து நாள்! என் செருப்பு தேஞ்சுபோச்சு! பிரேக் பேடு பூரிச்சு வளருமாய்யா?"

"நான் விடல சகலை, கை தானா விடுது" என்றார், அழுகிற குரலில். பிறகு அவருக்கும் ரோஷம் வந்துவிட்டது. "நீங்க ஊருக்கெல்லாம் கண்ணாடி விக்கிறவர்தானே? பத்து நாளா உங்க கண்ணுக்குத் தெரியலையே?"

கோட்டைப் பார்த்தேன்தான். ஏதோ அழகுக்குப் போட்டிருக்கிறார் என்று நினைத்துவிட்டேன். அதை எப்படிச் சொல்வது?

அந்த அம்மா எங்கள் சண்டையைச் சட்டை செய்யவில்லை. கத்தரியை எடுத்து உள்கோட்டோடு வெட்டினார். மிச்ச அட்டையைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார். "ஓடற கார்ல பாதிக்கு இதுதாங்க!" பிரிக்காத பெட்டிகள் ஒரு மூலை நிறைய இருந்தன. காலே அரைக்கால் விலைக்கு அள்ளிக் கொடுத்தார். முதல் கடையில் அன்றைக்கு எங்கள் தலையில் இடித்துக்கொண்டிருந்த சரமும் அதே பேட்தான்.

மாலைக்குள் மாட்டிவிட்டோம். இருட்டுவதற்குள் காலித் தெருவில் பத்து தடவை ஓட்டி, பத்து தடவையும் நிறுத்திப் பார்த்தார். என் கொழுந்தியாள் முன் சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து சாட்சி சொன்னாள்.

வெள்ளிக்கிழமை நான் ஆஸ்பத்திரிப் படியில் முன்கூட்டியே போய் நின்றேன். மகள் குழந்தையை மார்போடு அணைத்தபடி நின்றாள். கொஞ்சம் தள்ளி மாப்பிள்ளையின் டாக்ஸி, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தயாராக. வாசலிலிருந்து படிவரைக்கும் நல்ல இறக்கம். கார் இறங்க ஆரம்பித்தது. மாப்பிள்ளை மெதுவாக மனைவியின் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். நானும் ஒரு படி மேலே ஏறிக்கொண்டேன்.

நின்றது. சத்தமே இல்லாமல் நின்றது. ஆனால் எங்களிடமிருந்து இருபதடி முன்னாலேயே நின்றுவிட்டது.

"மாமா, இன்னும் கொஞ்சம் முன்னாடி வரலாமே?" என்று மாப்பிள்ளை குரல் கொடுத்தார்.

சகலை ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "தையலுக்கு விட்டிருக்கேன் மாப்பிள்ளை."

மாப்பிள்ளைக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த அப்பன் பெற்ற பெண்ணுக்குப் புரிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் போட்ட தையல் பிரிந்துவிடுமோ என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு குழந்தையோடு அந்த இருபதடியையும் அவளே நடந்தாள். நடுவில் இருந்த டாக்ஸியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அன்னிக்குத் தாண்டிப் போனீங்க, நடந்து வந்தேன். இன்னிக்கு வந்தே சேரல, இன்னிக்கும் நடக்கறேன்" என்றாள் காருக்குள் குனிந்து.

சகலை ஸ்டியரிங்கை விட்டுக் கையை எடுக்கவில்லை. பிரேக்கிலிருந்து காலையும் எடுக்கவில்லை. கண்ணில் நீர் கொட்டியது, அதைத் துடைக்கவும் இல்லை.

"ஆனா நின்னுடுச்சுப்பா" என்று சொல்லிவிட்டு அவள் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.